ஒற்றைக் கண்ணோடு குறுக்குப் பாதை இறங்குவது எப்படி? மழை விட்டதும் எதிர்மலை கிட்டத் தெரிவது ஏன்?

கேள்வி: தோட்டப் பாடசாலை ஆசிரியை, அப்புத்தளைப் பக்கம்

அனைவருக்கும் வணக்கம். நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 10, 11 மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். கண்ணைப் பற்றிய பாடத்தில், இரண்டு கண்கள் இருப்பதால்தான் பொருள்களின் தூரத்தையும் ஆழத்தையும் அறிகிறோம் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு வீடு திரும்புகிறேன். வீட்டிலோ, என் அப்பா ஒரே கண்ணோடு, எங்கள் மேட்டு லயத்திலிருந்து பிரட்டுக்களம் (காலையில் தொழிலாளர் வேலைக்காகக் கூடும் இடம்) வரை இறங்கும் செங்குத்தான குறுக்குப் பாதையில், எதையும் பிடிக்காமல் நடந்து போகிறார். ஆறு வருடங்களுக்கு முன் கவ்வாத்து வெட்டும்போது தெறித்த மரச்சிராய் ஒன்று அவருடைய இடது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. நான் எழுதிய வாக்கியம் முழு உண்மையாக இருந்தால், அந்தப் பாதையில் அவர் நாள்தோறும் விழுந்திருக்க வேண்டும்.

ஆனால் அவருக்குத் தடுமாற்றமே இல்லை என்றும் சொல்ல முடியாது. தேநீரைக் கேத்தலிலிருந்து கோப்பைக்கு ஊற்றும்போது இன்றும் சில வேளைகளில் கோப்பைக்கு வெளியே ஊற்றிவிடுகிறார். வெயில் நேரத்தில் இருபது மீற்றருக்கு அப்பால் உள்ள கானை (வடிகாலை)த் தாண்டுவதற்கு எங்கே காலை வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது. கைக்கெட்டும் தூரத்தில் உள்ள கோப்பைதான் தப்பிவிடுகிறது. பனி மூடிய காலையிலோ அவர் வேறொரு மனிதராகிவிடுகிறார். ஒவ்வொரு படியிலும் நின்று, காலால் துழாவித்தான் இறங்குகிறார். படிகள் கண்ணுக்குத் தெரிகின்றன என்றுதான் அவரும் சொல்கிறார். இருந்தும் இறங்க முடிவதில்லை.

இதனோடு என் மாணவர்கள் கேட்ட ஒன்றையும் சேர்த்துக் கேட்கிறேன். மழை பெய்து விட்டதும் பள்ளத்தாக்குக்கு அப்பால் உள்ள மலை, மரங்களை எண்ணிவிடலாம் போல அருகில் வந்து நிற்கிறது. இது இரண்டு கண்களும் நன்றாக உள்ள பிள்ளைகளுக்கும் அப்பாவுக்கும் ஒரே மாதிரித்தான் தெரிகிறது. கோப்பை, படி, எதிர்மலை ஆகிய மூன்றும் ஒரே காரணத்தால் விளங்குபவையா, அல்லது நான் தொடர்பில்லாதவற்றை முடிச்சுப் போடுகிறேனா? விளக்கமாக எழுதினால் வகுப்பில் சொல்லுவேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர், ஹட்டன்

மகள், நீங்கள் எழுதிய வாக்கியம் பிழையானதன்று. ஆனால் அது எந்தத் தூரம் வரை பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. முப்பது வருடங்கள் கற்பித்த நானும் சொல்லவில்லை. அந்தக் கணக்கை இங்கே போட்டுக் காட்டுகிறேன்.

கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடியும் மற்றதை மூடியும் மாறிமாறிப் பார்த்தால், பின்னால் உள்ள மலையின்மேல் விரல் இடமும் வலமும் தாவுவது தெரியும். இரு கண்களுக்கும் இடையே ஏறக்குறைய 6.3 சென்ரிமீற்றர் இடைவெளி உள்ளதால், இரண்டு விழித்திரைகளிலும் விழும் உருவங்கள் சற்றே வேறுபடுகின்றன. அந்த வேறுபாடே ஆழமாக உணரப்படுகிறது என்பதை 1838இல் சாள்ஸ் வீற்ஸ்ரன் நிறுவினார். கண்ணாடிகள் இரண்டைச் சாய்த்து வைத்த கருவியொன்றின் மூலம், சற்றே வேறுபட்ட இரண்டு கோட்டுப் படங்களை ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொன்றாகக் காட்டினார். பார்த்தவருக்குத் தட்டையான தாளில் இருந்த கோடுகள் கனமுள்ள பொருளாக எழுந்து நின்றன. பின்னர் 1960இல் பேலா யூலெஸ், புள்ளிகளைத் தவிர வேறெதுவும் இல்லாத இரண்டு படங்களைக் கணினியால் உருவாக்கினார். ஒரு கண்ணால் பார்த்தால் அவற்றில் எந்த உருவமும் இல்லை. இரண்டையும் இணைத்துப் பார்த்தால் நடுவே ஒரு சதுரம் மிதக்கிறது. ஆகவே இருகண் வேறுபாடு தனியாகவே ஆழத்தைத் தரவல்லது என்பதில் ஐயமில்லை.

அது எவ்வளவு தூரம் வரை தரும் என்பதே கேள்வி. ஒரு பாகையை 3600ஆகப் பிரித்த பங்கு ஒரு விகலை. நல்ல பார்வையுள்ள ஒருவர் 20 விகலை அளவான இருகண் வேறுபாட்டைப் பிரித்தறிவார் என்று வைத்துக்கொள்வோம். அதைவிடக் கூர்மையாக அறிபவர்களும் உண்டு. தூரத்தின் வர்க்கத்தை ஆரையனில் எடுத்த இந்தக் கோணத்தால் பெருக்கிக் கண்களின் இடைவெளியால் வகுத்தால், அந்தத் தூரத்தில் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய ஆழம் கிடைக்கும். 1 மீற்றரில் அது ஒன்றரை மில்லிமீற்றர். 10 மீற்றரில் 15 சென்ரிமீற்றர். 100 மீற்றரில் 15 மீற்றர். தூரம் பத்து மடங்காகும்போது பிழை நூறு மடங்காவதைக் கவனியுங்கள். ஏறக்குறைய 650 மீற்றருக்கு அப்பால் சென்றுவிட்டால், எதிர்மலையும் அதற்கு மேலே உள்ள நிலவும் இருகண் வேறுபாட்டைப் பொறுத்தவரை ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

கோப்பை ஏன் தப்புகிறது என்பதற்கு இந்தக் கணக்கே விடை. கேத்தலின் மூக்கையும் கோப்பையின் விளிம்பையும் மில்லிமீற்றர்க் கணக்கில் பொருத்தும் வேலைக்கு, இரு கண்களையும் போல் துல்லியமாக உதவக்கூடியது வேறெதுவும் இல்லை. உங்கள் அப்பா இழந்தது அதைத்தான். கானைத் தாண்டும் இடத்திலோ அவர் இழந்தது கொஞ்சமே. எதிர்மலையைப் பார்க்கும்போது நாங்கள் எல்லோருமே ஒற்றைக் கண்ணர்கள்தான். அவருக்கும் எனக்கும் அங்கே வேறுபாடு இல்லை. பனியில் அவர் ஏன் தடுமாறுகிறார் என்பதை என் கணக்கு சொல்லாது. பார்வை பற்றிப் படித்தவர்கள் யாராவது தொடர வேண்டும்.

பதில் 2: பார்வைப் புலன் பற்றி ஆராயும் மாணவி, பேராதனை

ஹட்டன் சேர் போட்ட கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். டீச்சர், மூளையில் ஆழத்தை அறிவதற்கென்று ஒரேயொரு வழி இல்லை. பல குறிப்புகள் ஒரே நேரத்தில் வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு மதிப்பைச் சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிழை உண்டு.

இருகண் வேறுபாட்டைத் தவிர வேறு எவை உண்டு என்று கேட்டால், அவற்றை அப்பா நடக்கும் பாதையிலேயே காட்டலாம். தேயிலை மலை தூரத்தை அளப்பதற்கென்றே விரித்த பாய் போன்றது: ஏறக்குறைய ஒரே உயரத்தில் வெட்டப்பட்ட செடிகள், நிரை நிரையாக, தூரம் செல்லச் செல்லச் சிறியனவாகவும் நெருக்கமாகவும் தெரிகின்றன. இந்த மேற்பரப்புச் செறிவு மாற்றத்தை அறிவதற்கு ஒரு கண்ணே போதும். அருகில் உள்ள செடி பின்னால் உள்ளதை மறைப்பது இன்னொரு குறிப்பு. அது எவ்வளவு தூரம் என்று சொல்லாது, எது முன் எது பின் என்பதை மட்டும் பிழையின்றிச் சொல்லும். எல்லாவற்றையும்விட முக்கியமானது அசைவு. பதுளை ரயிலில் யன்னலோரம் இருந்து பார்த்தால், கைக்கெட்டும் செடிகள் பாய்ந்தோட, தூரத்து மலை கூடவே வருகிறது அல்லவா? நடக்கும் மனிதனுக்கும் தலையைச் சற்று அசைப்பவனுக்கும் அதே நிகழ்கிறது. இரண்டு கண்கள் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களிலிருந்து பார்ப்பதை, ஒரு கண் அடுத்தடுத்த நேரங்களில் இரண்டு இடங்களிலிருந்து பார்க்கிறது. ஒரு கண்ணை இழந்தவர்கள் நாளடைவில் தாம் அறியாமலே தலையைக் கூடுதலாக அசைத்துப் பார்க்கப் பழகுகிறார்கள் என்பதைக் கனடாவில் 1990களில் செய்த ஆய்வுகள் காட்டின. அப்பா கோப்பையை எடுக்கும்போது அவருடைய தலையைக் கவனித்துப் பாருங்கள்.

இனி இவற்றை மூளை எப்படிச் சேர்க்கிறது என்பதற்கு வருகிறேன். நான் இந்தத் துறைக்கு வந்ததே இந்த ஓர் இடத்தின் அழகால்தான். எல்லாக் குறிப்புகளுக்கும் ஒரே நிறை கொடுத்துச் சராசரி காண்பதில்லை. எது அந்த நேரத்தில் நம்பத்தகுந்ததோ அதற்குக் கூடுதலான நிறை கொடுக்கப்படுகிறது. உயர்தரக் கணிதத்தில் வரும் மாறற்றிறனை எடுத்துக்கொள்ளுங்கள்; ஒரு மதிப்பு எவ்வளவு சிதறக்கூடும் என்பதைச் சொல்லும் நியம விலகலின் வர்க்கம் அது. விளக்கத்துக்காக நானே எண்களை வைக்கிறேன். பாதையின் ஓரத்தில் உள்ள கல் 10 மீற்றரில் இருப்பதாக ஒரு குறிப்பு, நியம விலகல் 1 மீற்றர்; 12 மீற்றரில் இருப்பதாக இன்னொரு குறிப்பு, நியம விலகல் 2 மீற்றர். மாறற்றிறன்கள் 1, 4. நிறைகள் இவற்றின் தலைகீழாக அமையும். ஆகவே முதலாவதுக்கு ஐந்தில் நான்கு பங்கு, இரண்டாவதுக்கு ஐந்தில் ஒரு பங்கு. சேர்த்த விடை 10.4 மீற்றர். கவனிக்க வேண்டியது அடுத்தது: சேர்த்த மதிப்பின் மாறற்றிறன் 0.8, நியம விலகல் ஏறக்குறைய 0.9 மீற்றர். அதாவது, இரண்டில் சிறந்ததைவிடவும் சேர்க்கை சிறப்பாக இருக்கிறது. தளர்ந்த குறிப்பும் சேர்க்கப்படும்போது ஏதோ ஒரு பயனைத் தருகிறது; வீணாகப் போவதில்லை.

மனிதர்கள் உண்மையிலேயே இப்படித்தான் செய்கிறார்கள் என்பதை 2002இல் மார்க் ஏர்ன்ஸ்ற், மார்ட்டின் பாங்ஸ் ஆகிய இருவரும் பார்வையையும் தொடுகையையும் வைத்துக் காட்டினார்கள். கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும் ஒரு பொருளின் உயரத்தை மதிப்பிடச் சொல்லி, கண்ணுக்குத் தெரிந்த உருவத்தில் மட்டும் கலக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். கலக்கம் கூடக் கூட, பார்த்தவர்களின் தீர்ப்பு கண்ணிலிருந்து விரலை நோக்கி நகர்ந்தது. நகர்ந்த அளவும் மேலே சொன்ன கணக்கோடு ஒத்துப்போனது. இருகண் வேறுபாடு, மேற்பரப்புச் செறிவு ஆகிய இரண்டையும் வைத்துச் சாய்வை மதிப்பிடச் சொன்ன ஆய்வுகளும் இதே முடிவைத் தந்தன.

அப்பாவின் பனிக்காலைத் தடுமாற்றம் இங்கேதான் விளங்குகிறது. வெயிலில் அவருக்கு ஒரு குறிப்பு மட்டுமே இல்லை. மற்றவை எல்லாம் உயர்ந்த நம்பகத்தோடு நிற்கின்றன. பனி வந்ததும் செடிகளின் செறிவு மங்குகிறது, நிழல்கள் இல்லாமல் போகின்றன, படியின் விளிம்புக்கும் கீழ்ப்படிக்கும் இடையே உள்ள ஒளி வேறுபாடு குறைகிறது, அசைவால் வரும் குறிப்பும் பற்றிக்கொள்ள விளிம்பின்றித் தளர்கிறது. இரண்டு கண்ணுள்ளவருக்கும் இவை தளர்கின்றன. இருகண் வேறுபாடும் ஒளி வேறுபாடு குறையும்போது நலிவடையும். ஆனாலும் காலடியில், ஒன்றரை மீற்றர் தூரத்தில், அது ஓரளவு தாங்கும். அப்பாவுக்கு அந்தத் தாங்குதல் இல்லை. அவர் காலால் துழாவுவதைத் தடுமாற்றம் என்று நான் சொல்லமாட்டேன். கண்ணின் மாறற்றிறன் கூடியபோது நிறையைத் தொடுகைக்கு மாற்றுகிறார். படி தெரிகிறது, இறங்க முடியவில்லை என்று அவர் சொன்னதும் மிகச் சரியான கூற்று: எங்கே என்பது தெரிகிறது, எவ்வளவு ஆழம் என்பது உறுதியாகவில்லை.

எதிர்மலைக்கு வருகிறேன். தூரத்துப் பொருளிலிருந்து வரும் ஒளி, காற்றின் மூலக்கூறுகளாலும் அதில் உள்ள தூசியாலும் நீர்த்துளிகளாலும் சிதறடிக்கப்பட்டுக் குறைவதாலும், அவை சிதறடிக்கும் சூரிய ஒளி இடையே வந்து சேர்வதாலும், தூரம் கூடக் கூட மலை வெளிறி, நீலம் பூத்து, வானத்தோடு கலந்துவிடுகிறது. மங்கலானது தூரத்தில் உள்ளது என்று மூளை பழகியிருக்கிறது. மழை காற்றைக் கழுவிவிட்டபின் மலை தெளிவாகத் தெரிந்தால், பழகிய கணக்கின்படி அது அருகில் இருக்க வேண்டும். இந்தக் குறிப்புக்கு இவ்வளவு நிறை ஏன் கிடைக்கிறது? உங்களுக்கும் அந்த மலைக்கும் இடையே பள்ளத்தாக்கு இருக்கிறது. தரை தொடர்ச்சியாகச் சென்றால் அதன்மேல் தூரத்தை அளந்துகொண்டே போகலாம். தரை நடுவே அறுந்தால் அந்த அளவு போய்விடுகிறது. இடையில் ஒரு பள்ளம் இருந்தாலே தூர மதிப்பீடு பிழைக்கிறது என்பதை 1998இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இருகண் வேறுபாடு இல்லை, தரை இல்லை. எஞ்சியிருப்பது காற்றின் தெளிவு. எஞ்சியதே தீர்ப்பையும் சொல்கிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம், இடையே தொடர்ச்சியாக அமைந்த பொருள்கள் இருந்தால்தான் தூரத்தைக் கண் அறியும் என்று எழுதினார். சமவெளியில் நிற்பவருக்கு முகிலின் தூரம் தெரியாது, மலைகளின் நடுவே முகில் நின்றால் தெரியும் என்பது அவர் தந்த எடுத்துக்காட்டு. அதை முதன்முதலாகப் படித்தபோது எங்கள் ஊர் முகில்தான் என் கண்முன் வந்தது.

பதில் 3: லொறிச் சாரதி, நுவரெலியா

வணக்கம். நான் படித்தவன் அல்லன். ஆனால் இந்த விடயத்தில் எனக்கு உயிர்ச் சம்பந்தம் உண்டு. நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு இரவில் இறம்பொடை வழியாக இறங்குகிறேன், இருபத்திரண்டு வருடங்களாயிற்று. பனிக்குள் முன்னால் போகும் வாகனத்தின் சிவப்பு விளக்கு எப்போதும் தூரத்தில் இருப்பதாகவே தெரியும். அது தூரத்தில்தானே என்று நினைத்துக்கொண்டு போனால், திடீரென்று அதன் பின்பக்கம் முகத்துக்கு முன்னால் நிற்கும். இரண்டு விளக்கும் எரியும் பஸ்ஸைவிட, ஒரு விளக்கு மட்டும் எரியும் வாகனமும் மோட்டார் சைக்கிளும் கூடுதலாக ஏமாற்றுகின்றன. நான் என் உதவியாளர் தம்பிக்குச் சொல்வது, விளக்கைப் பார்த்துத் தூரத்தை எண்ணாதே, வீதியோரத்து வெள்ளைக் கோட்டை எண்ணு என்பதுதான். பகல் பனியில் மெதுவாகப் போவதாக நினைத்து வேகமானியைப் பார்த்தால் அது கூடுதலாகக் காட்டிய நாள்களும் உண்டு. தங்கச்சி, நீங்கள் சொன்ன கணக்கில் இவை அடங்குமா?

பதில் 4: பேராதனை மாணவி

அண்ணா, நீங்கள் சொன்ன முதல் விடயம் ஆய்வுகளோடு அப்படியே பொருந்துகிறது. ஹெலன் றொஸ் என்ற உளவியலாளர் 1967இலேயே பனியில் பொருள்கள் உண்மையைவிடத் தூரமாகத் தெரிவதை அளந்தார். பிரான்சில் 2001இல் வெளியான ஓர் ஆய்வில், வாகனங்களின் பின்விளக்குகளைப் பனிக்குள் பார்த்தவர்கள், தெளிந்த காற்றில் மதிப்பிட்டதைவிடச் சராசரியாக 60 சதவீதம் கூடுதலான தூரத்தைச் சொன்னார்கள். 30 மீற்றரில் இருப்பது 48 மீற்றரில் இருப்பதாகத் தோன்றினால், தடையை அழுத்துவதற்கு இருக்கும் நேரம் எவ்வளவு குறைந்துவிடுகிறது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். இரண்டு விளக்குகளுக்கும் இடையே உள்ள கோணம் ஒரு தூரக் குறிப்பு: வாகனத்தின் அகலம் எங்களுக்குப் பழக்கமானது, எனவே விளக்குகள் விலகித் தெரிந்தால் அருகில், ஒடுங்கித் தெரிந்தால் தூரத்தில். ஒற்றை விளக்கில் அந்தக் கோணமே இல்லை. மங்கல் மட்டும்தான் எஞ்சுகிறது. அறுந்த பள்ளத்தாக்குக்கு நான் சொன்னதேதான் இது. வெள்ளைக் கோட்டை எண்ணச் சொன்னீர்களே, அது மங்கலிடமிருந்து நிறையைப் பிடுங்கித் தரைக்குக் கொடுப்பது. அதைவிட நல்ல அறிவுரையை நான் எந்தக் கட்டுரையிலும் படிக்கவில்லை.

இரண்டாவது விடயத்தில் ஆய்வாளர்களே பிரிந்து நிற்கிறார்கள். 1998இல் ஸ்நோடனும் அவருடைய குழுவினரும், பனி போன்ற மங்கலில் வேகம் குறைவாக உணரப்படுவதால் ஓட்டுநர்கள் தம்மை அறியாமல் வேகத்தைக் கூட்டுகிறார்கள் என்று எழுதினார்கள். 2012இல் ஜேர்மனியில் பிரெட்டோவும் குழுவினரும், முன்னைய ஆய்வில் திரை முழுவதும் ஒரே அளவில் மங்கலாக்கப்பட்டிருந்ததைச் சுட்டினார்கள். உண்மையான பனியில் அருகில் உள்ள வீதி ஓரளவு தெளிவாகவும் தூரம் மட்டும் மறைந்தும் இருக்கும். அப்படிக் காட்டியபோது மக்கள் வேகத்தைக் கூடுதலாகவே உணர்ந்து, மெதுவாக ஓட்டினார்கள். எனக்கு இரண்டாவது ஆய்வே ஏற்புடையது. ஆயினும் இறம்பொடையில் முகிலே வீதிக்குள் இறங்கி, வாகனத்தின் மூக்கைக்கூட மறைக்கும் நேரங்களில், அருகும் தூரமும் ஒன்றாக மங்கிவிடுவதால், நீங்கள் அனுபவித்தது முதல் ஆய்வின் நிலையை ஒத்திருக்கலாம். எது எப்படியானாலும் வேகமானிக்குப் பனி இல்லை. அதை அடிக்கடி பாருங்கள்.

காற்றே இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 1971 பெப்ரவரியில் அப்பலோ 14 பயணத்தில் நிலவில் இறங்கிய இருவர், கோன் என்ற பள்ளத்தின் விளிம்பைத் தேடி மேடேறி, அதைக் காணாமலே திரும்பினார்கள். விளிம்பிலிருந்து சில பத்து மீற்றர் தூரத்தில்தான் அவர்கள் நின்றிருந்தார்கள் என்பது பின்னர் தெரியவந்தது. நிலம் ஏறியிறங்கிப் பார்வையை மறைத்தது ஒரு காரணம். காற்றின் மங்கலும் இல்லை, அளவு தெரிந்த மரமோ வீடோ இல்லை என்பதால், அங்கே தூரத்தை மதிப்பிடுவது எல்லாப் பயணங்களிலுமே கடினமாக இருந்தது.

பதில் 5: கண் சிகிச்சைப் பிரிவில் பணிபுரிபவர், பதுளை

டீச்சர், காரணங்களை மற்றவர்கள் நன்றாக எழுதிவிட்டார்கள். நான் அப்பாவுக்காக எழுதுகிறேன்.

கோப்பைக்கு: கேத்தலின் மூக்கைக் கோப்பையின் விளிம்பில் மெல்லத் தொடவைத்து, அதன்பின் ஊற்றச் சொல்லுங்கள். வெள்ளைக் கோப்பையை வெள்ளை மேசைவிரிப்பில் வைக்காதீர்கள். கடும் நிறத் தட்டில் வையுங்கள். விளக்கு தலைக்கு நேர் மேலே இல்லாமல் பக்கத்திலிருந்து வந்தால் நிழல் விழும். நிழலும் ஒரு குறிப்பே.

படிகளுக்கு: ஒவ்வொரு படியின் விளிம்பிலும் நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளைப் பூச்சுப் பூசுங்கள். பனி முதலில் பறிப்பது ஒளி வேறுபாட்டை. அதை முன்கூட்டியே கூட்டி வைத்தால் பறித்தது போக மிச்சம் இருக்கும்.

ஆழத்தைவிடப் பலர் மறந்துவிடுவது பார்வைப் பரப்பு. இரண்டு கண்களும் சேர்ந்து பக்கவாட்டில் ஏறக்குறைய 190 பாகை வரை பார்க்கின்றன. இழந்த கண்ணின் பக்கத்தில் 30 முதல் 40 பாகை வரை அப்பாவுக்கு இல்லை. பாதையில் அவருடன் போகும்போது அவருடைய இடப்பக்கத்தில் நீங்கள் நடவுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மிஞ்சியிருக்கும் கண்ணுக்குக் காவல் வேண்டும். கத்தி, கோடரி, விறகு எதுவானாலும், எளிதில் உடையாத பொலிகாபனேற் கண்ணாடி அணியாமல் தொடக்கூடாது. வலக்கண்ணில் புரையோ மங்கலோ தொடங்கினால் மற்றவர்களைப்போல் அவர் பொறுத்திருக்க முடியாது. வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.

வகுப்புக்கும் ஒன்று. மாறுகண் உள்ள பிள்ளைகள் இருந்தால், பெற்றோரிடம் உடனே சொல்லி மருத்துவரிடம் அனுப்புங்கள். இரு கண்களையும் இணைக்கும் மூளைப்பகுதி சிறுவயதிலேயே பழக்கப்பட வேண்டும். அமெரிக்க நரம்பியலாளர் சூசன் பரி 48 வயதில் பெற்றது போல, நடுத்தர வயதில் பயிற்சியால் இருகண் ஆழத்தைப் பெற்றவர்களும் உண்டு. ஆனால் அது எல்லோருக்கும் வாய்ப்பதன்று, சிறுவயதுச் சிகிச்சையே உறுதியானது.

கேள்வி கேட்டவர் மீண்டும்: தோட்டப் பாடசாலை ஆசிரியை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரங்களாகச் செய்து பார்த்தவற்றை எழுதுகிறேன்.

வகுப்பில் பிள்ளைகளை இருவர் இருவராக நிறுத்தி, ஒருவர் பேனாவைப் பிடிக்க, மற்றவர் அதன் மூடியைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து பொருத்த வேண்டும் என்று வைத்தேன். இரண்டு கண்ணாலும் எல்லோரும் முதல் தடவையிலேயே பொருத்தினார்கள். ஒரு கண்ணை மூடியதும் பெரும்பாலானோர் பேனாவுக்கு முன்னாலோ பின்னாலோ மூடியைக் கொண்டுபோனார்கள். தலையை இடம் வலமாக அசைக்க அனுமதித்தபோது பிழை குறைந்தது. தலையை அசைக்கலாம் என்று நான் சொல்வதற்கு முன்பே ஒரு மாணவி அசைத்துக்கொண்டிருந்தாள். அதே பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி, தூரத்தில் உள்ள இரண்டு கம்பங்களில் எது அருகில் என்று கேட்டபோது, ஒரு கண்ணை மூடியதால் எவருக்கும் இடர்ப்பாடு வரவில்லை. கரும்பலகை வாக்கியத்தையும் திருத்திவிட்டேன்: கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு கண்களும், அதற்கப்பால் தரையும் அசைவும் பழக்கமும், மிகத் தூரத்தில் காற்றும்.

வீட்டுக் கோப்பைக்குத் தொட்டு ஊற்றும் முறை நன்றாக வேலை செய்கிறது. அப்பாவின் தலை அசைவதையும் கண்டேன். ஆறு வருடங்களாக அருகில் இருந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது. அவரிடம் சொன்னபோது, தான் அசைப்பதே தனக்குத் தெரியாது என்றார்.

படிகளுக்குச் சுண்ணாம்பு பூசினோம். நேற்றுக் காலை நல்ல பனி. முன்னைவிட விரைவாக இறங்கினார். ஆனால் நடுவில் இரண்டு இடங்களில் பழையபடி நின்று காலால் துழாவினார். ஏன் என்று கேட்டேன். "கோடு தெரியுது, எவ்வளவு பள்ளம் என்று அது சொல்லல்லியே" என்றார். மற்றப் படிகளில் அவர் துழாவவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பதில் 6: ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர், ஹட்டன்

மகள், அந்த இரண்டு படிகளின் உயரத்தை அளந்து பாருங்கள். மற்றவை ஏறக்குறைய ஒரே உயரமாக இருந்து, இவை இரண்டும் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரே அளவான படிகளில் முன்னைய படி அடுத்த படியின் ஆழத்தைச் சொல்லிவிடுகிறது. கண் உறுதிப்படுத்த வேண்டியது கொஞ்சமே. அளவு மாறும் இடத்தில் அந்தப் பழக்கம் பயன்படாது.

தோட்டப் பாடசாலை ஆசிரியை

அளந்துவிட்டேன் சேர். மற்றவை எல்லாம் 17, 18 சென்ரிமீற்றர். ஒன்று 26, மற்றது 11. வரும் ஞாயிற்றுக்கிழமை தம்பியும் பக்கத்து லயத்து மாமாவும் சேர்ந்து, உயர்ந்த படிக்கு நடுவில் ஒரு கல் பதித்தும், தாழ்ந்ததை உடைத்துக் கட்டியும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சீமெந்து அரை மூட்டை போதும் என்று அப்பா கணக்குப் போட்டுவிட்டார்.